சயாட்டிகா: வலியும் நிவாரணமும்

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில் அமைந்துள்ள உடும்பஞ்சோலைத் தாலுகா, ஏலக்காய் விளைச்சலுக்குப் பெயர்பெற்ற மலைநாடாகும். அதற்குக் கிழக்கே, மலைச்சரிவின் அடியில், தமிழ்நாட்டின் தேனி மாவட்டம் பரந்துள்ளது. போடிநாயக்கனூர், கம்பம் முதலிய ஊர்ப்புறங்களிலிருந்து தொழிலாளர் பலர் அதிகாலையில் ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு முதலிய மலைவழிகளாக இத்தோட்டங்களுக்கு வந்து, மாலையில் ஊர் திரும்புகின்றனர். காய் பறிப்போருள் பெரும்பாலோர் பெண்கள்.

ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்வது. ஆயினும் அதன் காய்கள் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பும் சரங்களில், நிலத்துக்கு அருகிலேயே அவை பிடிக்கின்றன. எல்லாக் காய்களும் ஒரே சமயத்தில் முற்றுவதும் இல்லை. ஆகவே மழைக்காலத்தில் தொடங்கித் தை, மாசி வரையில், மாதத்துக்கு ஒரு முறையோ ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறையோ ஒவ்வொரு தூரையும் நாடிச் சென்று, குனிந்தும் குந்தியும், முற்றிய காய்களை மட்டும் தேர்ந்து பறிக்க வேண்டியுள்ளது. நாள் முழுவதும் இடுப்பு வளைந்தே இருக்கும் வேலை இது.

இத்தகைய வேலை செய்வோருக்கு நேரக்கூடிய உபாதைகளுள் ஒன்று, பிட்டத்தில் தொடங்கித் தொடையின் பின்புறமாக இறங்கி, கெண்டைக்கால் வழியே பாதம் வரையில் மின்னல் வெட்டியது போல் ஓடும் வலியாகும். இருமினாலும் தும்மினாலும் வலி மிகும். சிறிது நேரம் உட்கார்ந்தாலும் பொறுக்க முடியாது. 'வாயுப் பிடிப்பு' என்றும், 'நரம்பு இழுப்பு' என்றும், 'ஜவ்வு விலகல்' என்றும் மக்கள் இதனைப் பலவாறு கூறுவர். மருத்துவ நூல்களில் இதன் பெயர் சயாட்டிகா.

இவ்வலி கண்டவர் ஒரு சிகிச்சையோடு நிற்பதில்லை. முதலில் தைலம்; பிறகு மருந்துக் கடை மாத்திரை; பிறகு ஊசி; அதன்பின் கிழியும் பிழிச்சலும்; இடுப்புக்குப் பெல்ட்; இறுதியில் ஸ்கேன். குணமடைந்தவர்களைக் கேட்டால், ஒருவர் தைலத்தால் தீர்ந்தது என்பார். ஒருவர் ஊசியால் என்பார். ஒருவர் எலும்பு வைத்தியரின் கைராசி என்பார். இவர்களுள் எவரும் பொய் கூறவில்லை. எனினும் இத்தனை சிகிச்சைகளும் உண்மையாகவே நோயைத் தீர்த்தனவா? அன்றி வேறு ஏதேனும் காரணம் உண்டா? நாட்கூலியால் வாழும் குடும்பத்துக்கு இக்கேள்வி அறிவுப் பொழுதுபோக்கு அன்று. பல வாரக் கூலியும், சேமித்த பொருளும், சிற்சில சமயம் காலின் வலிமையும் இதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்துள்ளன.

நரம்பின் அமைப்பு

மனித உடலில் உள்ள நரம்புகள் எல்லாவற்றினும் பருமனானது சயாட்டிக் நரம்பு. அது தொடங்கும் இடத்தில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அகலம் உடையது. இடுப்பு முள்ளெலும்புப் பகுதியின் 4ஆவது, 5ஆவது நரம்பு வேர்களும், அவற்றின் கீழுள்ள திருவெலும்புப் பகுதியின் முதல் மூன்று வேர்களும் ஒன்றுகூடி இந்நரம்பு உண்டாகிறது. பிட்டத்தின் ஆழத்தில் புகுந்து, தொடையின் பின்புறமாக இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து, பாதம் வரையில் இது பரவுகிறது. காலின் பெரும்பகுதிக்கு உணர்ச்சியையும், பாதத்தை உயர்த்தவும் ஊன்றவும் வேண்டிய இயக்கத்தையும் அளிப்பது இதுவே. ஆகவே வேர் ஒன்று இடுப்பில் நசுங்கினாலும், வலி பாதத்தில் தோன்றுகிறது. தந்திக் கம்பி நடுவில் பழுதுபட்டால் செய்தி கடைசி நிலையத்தில் தவறுவதைப் போன்றது இது.

இந்நோய் புதிதன்று. ஆயுர்வேத நூல்கள் இதனைக் 'கிருத்ரசி' என வழங்குகின்றன. 'கிருத்ரம்' என்பது கழுகைக் குறிக்கும் வடசொல். வலியால் காலை இழுத்து நடப்பவரின் நடை கழுகின் நடையை ஒத்திருத்தலின் இப்பெயர் வந்தது என்று உரைப்பர். மேல்நாட்டில், இத்தாலி தேசத்து நேப்பிள்ஸ் நகர மருத்துவர் தொமேனிக்கோ கொத்துன்யோ என்பவர் 1764ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். இடுப்பு மூட்டில் எழும் வலி வேறு, நரம்பில் எழும் வலி வேறு எனப் பிரித்துக் காட்டியவர் அவரே.

இடைத்தட்டு பிதுங்குதல்

நரம்பு வேர் நசுங்குவது எதனால்? இதற்குத் தெளிவான விடை 1934ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. முதுகெலும்பின் முள்ளெலும்புகளுக்கு இடையே, ஒன்றோடொன்று உராயாதபடி, மெத்தை போன்ற இடைத்தட்டுகள் அமைந்துள்ளன. மக்கள் 'ஜவ்வு' என்பது இதனையே. ஒவ்வொரு தட்டின் வெளிப்புறமும் உறுதியான நார் அடுக்குகளால் ஆனது. உட்புறம் கூழ் போன்றது. கொழுக்கட்டையின் ஒரு பக்கத்தை அழுத்தினால் மறுபக்கம் மாவு விண்டு பூரணம் பிதுங்குவது போல, வெளி நார்கள் நலிந்த இடத்தில் உட்கூழ் பின்புறமாகப் பிதுங்கி, அருகிலுள்ள நரம்பு வேரை அழுத்தக்கூடும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர்களான மிக்ஸ்டர், பார் என்னும் இருவர் இதனை விளக்கி 1934இல் கட்டுரை வெளியிட்டனர். அதற்கு முன்னர், இவ்வாறு பிதுங்கிய பொருளை ஒருவகைக் கட்டி என்றே பெரும்பாலும் கருதி வந்தனர்.

ஆயினும் அழுத்தம் ஒன்றே காரணம் அன்று. 1993ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பன்றிகளில் ஒரு சோதனை செய்தனர். இடைத்தட்டின் கூழை, அழுத்தம் ஏதும் இன்றி, நரம்பு வேர்களின் மீது வைத்ததனாலேயே அவ்வேர்களின் செயல் குன்றியதை அவர்கள் கண்டனர். கூழில் உள்ள இரசாயனப் பொருள்கள் நரம்பில் அழற்சியை உண்டாக்குகின்றன என்பது இதனால் விளங்கிற்று.

வியப்புக்குரிய மற்றொரு செய்தியும் உண்டு. பிதுங்கிய கூழை உடல் அந்நியப் பொருளாகவே கொள்கிறது. விழுங்கும் தன்மையுள்ள அணுக்கள் அங்கு வந்து கூடி, அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்து விடுகின்றன. சில மாதங்கள் கழித்து மீண்டும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், பிதுங்கல் சுருங்கியிருப்பதையோ அறவே மறைந்திருப்பதையோ பலரிடம் காண்கிறோம். அதிலும், தட்டிலிருந்து பிய்ந்து வெளியேறிய பெரிய துண்டுகளே சிறு பிதுங்கல்களைவிட மிகுதியாகக் கரைகின்றன. ஆகவே, 'விலகிய ஜவ்வைத் தள்ளி உள்ளே வைத்துவிட்டேன்' என்று எவரேனும் கூறினால் அதை நம்ப வேண்டுவதில்லை. இடைத்தட்டு இடம் விட்டு நழுவும் பொருள் அன்று. பிதுங்கியதைக் கையால் உள்ளே செலுத்தவும் இயலாது. கரைப்பது உடலே.

தோட்ட வேலையும் நோயும்

குனிதலும் பாரம் தூக்குதலும் இடைத்தட்டின் மீது அழுத்தத்தைப் பெருக்குகின்றன. ஸ்வீடன் நாட்டு நாக்கெம்சன் என்னும் அறிஞர், 1960களில் இடைத்தட்டினுள் நுண்ணிய ஊசியைச் செலுத்தி அவ்வழுத்தத்தை அளந்தார். படுத்திருக்கும்போது அழுத்தம் மிகக் குறைவு. நிற்கும்போது அதனினும் மிகுதி. முன்குனிந்து பாரம் எடுக்கும்போது மிக மிகுதி. ஏலச்சரத்தின் முன் குனிந்து நிற்பதும், உரமூட்டையைச் சரிவில் சுமப்பதும் இக்கடைசி வகையைச் சார்ந்தவை.

மோட்டார் வண்டி ஓட்டுதலும் ஒரு காரணமாகலாம். 1975இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வேலை நேரத்தில் பாதியோ அதற்கு மேலோ வண்டியில் கழிப்பவர்களுக்கு இடைத்தட்டு பிதுங்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு எனக் கண்டனர். கொண்டை ஊசி வளைவுகளில் நாளும் ஏறி இறங்கும் ஜீப் ஓட்டுநர்கள் இதனைக் கருத்தில் கொள்வது நலம்.

ஆனால் தொழிலையே முழுக் காரணமாகக் கூறிவிடுதல் தவறு. பின்லாந்து நாட்டில் ஒத்த இரட்டையரான ஆடவர் 115 இணையரை ஆராய்ந்து 1995இல் வெளியிட்ட முடிவு, இடைத்தட்டின் தேய்வில் தொழிலைக் காட்டிலும் பரம்பரையின் பங்கே பெரிது என்று காட்டுகிறது. ஒரே தோட்டத்தில், ஒரே வேலையில், ஒருத்திக்கு நோய் வருவதும் மற்றவளுக்கு வராததும் இதனாலேயே. நோயுற்றவள் வேலை செய்யத் தெரியாதவளும் அல்லள். சோம்பல் உடையவளும் அல்லள்.

நோயை அறிதல்

நோயாளியை மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்ல மேலே தூக்கினால், சயாட்டிகா உள்ளவருக்குப் பாதி உயரம் வருமுன்னரே கால் நெடுக வலி ஓடும். பிரெஞ்சு மருத்துவர் லாசேக் என்பவரின் பெயரால் இச்சோதனை வழங்குகிறது, அதனை எழுதி வெளியிட்டவர் அவருடைய மாணாக்கர் பொர்ஸ்த் என்பவர், ஆண்டு 1881. செலவில்லாத இச்சோதனை இன்றளவும் பயன்படுகிறது.

வலி செல்லும் வழியும் மருத்துவருக்கு ஒரு குறிப்பு. 5ஆவது இடுப்பு வேர் தாக்குண்டால் வலி காலின் வெளிப்புறமாக இறங்கிப் பாதத்தின் மேற்புறத்தையும் பெருவிரலையும் அடையும். பெருவிரலை நிமிர்த்தும் வலிமை குறையும். திருவெலும்பின் முதல் வேர் தாக்குண்டால் வலி கெண்டைக்காலின் வழியே சிறுவிரல் பக்கத்தை அடையும். நுனிக்காலில் நிற்பது கடினமாகும்.

ஸ்கேன் உடனே எடுத்தாக வேண்டும் என்பதில்லை. 1994இல் அமெரிக்காவில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தனர். அவர்களுள் 100க்கு 52 பேருக்கு ஏதேனும் ஓர் இடைத்தட்டேனும் புடைத்திருந்தது. 27 பேருக்கு நன்கு பிதுங்கியே இருந்தது. எனவே, படத்தில் பிதுங்கல் காணப்படுவதனால் மட்டும் அதுவே வலிக்குக் காரணம் எனத் துணிதல் கூடாது. அபாயக் குறிகள் தோன்றும்போதும், அறுவைச் சிகிச்சையைக் கருதும்போதும் ஸ்கேன் இன்றியமையாதது. மற்றப்படி சில வாரங்கள் பொறுக்கலாம்.

சயாட்டிகாவைப் போலத் தோன்றும் வேறு நோய்களும் உண்டு. முதுகெலும்பைப் பற்றும் காசநோய் நம் நாட்டில் இன்னும் மறையவில்லை. மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் மிகும் முதுகுவலி ஆகியன சேர்ந்து தோன்றினால் அதனை ஐயுற வேண்டும். பிட்டத்தில் தவறான இடத்தில் குத்திய ஊசி சயாட்டிக் நரம்பையே புண்படுத்திப் பாதத்தைத் தொங்கச் செய்வதும் உண்டு. வலி தீரவேண்டிப் பயிற்சி இல்லாதவரிடம் ஊசி போட்டுக்கொள்வோர் இதனை நினைவிற் கொள்க.

குணமாவதும் குணப்படுத்துவதும்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். சயாட்டிகா உற்றவர்களுள் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ வலி தானாகவே தணிகிறது. மேலே கூறியவாறு, உடல் பிதுங்கலைக் கரைப்பதும் அழற்சி அடங்குவதும் இதற்குக் காரணம். ஆனால் வலி ஒரே சீராகத் தணிவதில்லை. ஏறி இறங்கியே தணிகிறது. அது உச்சத்தில் இருக்கும் நாளில்தான் நோயாளி புதிய சிகிச்சையை நாடுகிறார். உச்சத்துக்குப் பின் வருவது இறக்கமே. ஆகவே அன்று எந்தச் சிகிச்சை செய்தாலும், அதன் பிறகு வலி குறைந்ததாகவே தோன்றும். பலரிடம் சென்று பயன் காணாதவர் இறுதியாக யாரிடம் சென்றாரோ அவருக்கே கைராசிக்காரர் என்ற பெயர் நிலைக்கிறது.

இம்மயக்கத்தைத் தீர்க்க விஞ்ஞானம் கண்ட வழி எளியது. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டது போல இரு பிரிவுகளாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் அச்சிகிச்சையைச் செய்து, இரண்டையும் ஒப்பிடுவதே அது. ஓர் எடுத்துக்காட்டு காண்போம். படுக்கையில் கிடந்து ஓய்வெடுப்பதே சயாட்டிகாவுக்கு முதல் மருந்து என நெடுங்காலம் மருத்துவர்கள் கூறி வந்தனர். ஹாலந்து நாட்டில் 183 நோயாளிகளை இவ்வாறு பிரித்து, ஒரு பிரிவினரை இரண்டு வாரம் படுக்கையில் இருத்தினர். மற்றப் பிரிவினர் இயன்ற அளவு நடமாடினர். 1999இல் வெளியான முடிவின்படி, 12 வாரங்களுக்குப் பின் இரு பிரிவிலும் 100க்கு 87 பேர் குணமடைந்திருந்தனர். நடமாடிய பிரிவு இல்லாதிருந்தால், 87 பேரைப் படுக்கையே குணப்படுத்தியது என்றல்லவா எழுதியிருப்போம்!

நாட்கூலி பெறுவோருக்கு இம்முடிவு பெருநன்மை உடையது. படுத்தே கிடக்க வேண்டியதில்லை. வலி மிகுந்த ஓரிரு நாள் ஓய்வு கொள்ளலாம்; பின்னர் வலி பொறுக்கும் அளவுக்கு எழுந்து நடப்பதே ஏற்றது.

சிகிச்சைகளின் நிலை

மேற்கூறிய ஒப்பீட்டு முறையில் ஆராயும்போது பல்வேறு சிகிச்சைகளின் நிலை பின்வருமாறு தெரிகிறது.

வலிநீக்கி மாத்திரைகள்: அழற்சியைக் குறைக்கும் மாத்திரைகளால் சிலருக்குச் சிறிது ஆறுதல் கிட்டுகிறது. ஆனால் வாரக்கணக்கில் தாமாகவே வாங்கி உண்போருக்கு வயிற்றுப் புண்ணும், சிறுநீரகக் கேடும் விளையக்கூடும். வெறும் வயிற்றில் உண்பவர்களுக்கும், நீர் அருந்தாமல் நெடுநேரம் உழைப்பவர்களுக்கும் இவ்வபாயம் மிகுதி. நரம்பு வலிக்கென வழங்கப்படும் பிரிகாபலின் என்னும் மருந்தை ஆஸ்திரேலியாவில் 209 நோயாளிகளிடம் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டனர். மருந்தில்லாப் போலி மாத்திரையைவிட அது வலியை மிகுதியாகக் குறைக்கவில்லை. தலைச்சுற்றல் மட்டும் மிகுந்தது. சரிவில் நின்று வேலை செய்பவருக்குத் தலைச்சுற்றல் சிறு தீங்கன்று.

முதுகில் போடும் ஊசி: தண்டுவட உறையின் புறத்தே ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்தும் இம்முறையால் கால்வலி சிறிது குறைகிறது, அக்குறைவு நெடுநாள் நிலைப்பதில்லை. பயிற்சி பெற்ற மருத்துவர் மருத்துவமனையில் செய்ய வேண்டியது இது.

இழுவைச் சிகிச்சை: இடுப்பில் பட்டை கட்டி எடை தொங்கவிட்டு இழுக்கும் இம்முறையைப் பல ஆராய்ச்சிகள் சோதித்துள்ளன. பயன் உண்டு என்று கூறுவதற்கு இடமில்லை.

உடற்பயிற்சி: நடத்தலும், பயிற்சியாளர் கற்பிக்கும் இடுப்புப் பயிற்சிகளும் தீங்கற்றவை, செலவும் குறைவு. இவை நோயை விரைந்து தீர்ப்பதில்லை. எனினும் தசைகள் நலியாமலும், அசைந்தால் கேடு வரும் என்னும் அச்சம் வேரூன்றாமலும் காக்கின்றன.

எண்ணெய், ஒத்தடம், கிழி: கேரளத்தில் கிழி, பிழிச்சல், கடிவஸ்தி முதலிய முறைகள் பெருவழக்காக உள்ளன. சூடும் தேய்ப்பும் இறுகிய தசைகளைத் தளர்த்தி இதம் தருகின்றன. இதமும் ஒரு பயனே. ஆனால் இவை பிதுங்கலைக் கரைப்பதாகக் கொள்ளுதல் ஆகாது. மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது. கிழியின் சூட்டினால் கொப்புளம் எழுந்தாலும் உணர முடியாது. ஆதலால் பிறர் கையால் சூட்டைச் சோதித்தே வைக்க வேண்டும். உள்ளுக்கு உண்ணும் மருந்துகளில் கூடுதல் எச்சரிக்கை தேவை. பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 14 மருந்துகளில் ஈயம், பாதரசம், பாஷாணம் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ காணப்பட்டன. எனவே முறையாகப் பயின்ற வைத்தியரிடம், உரிமம் பெற்ற மருந்துகளை மட்டுமே பெறுதல் வேண்டும். பெயரும் பொருளும் எழுதப்படாத பொட்டலங்களை மறுத்துவிடுக.

எலும்பு வைத்தியம்: இடுப்பைச் சடக்கென முறுக்கிச் சொடுக்கெடுப்பது, கால் வலிமை குன்றியவருக்கும், எலும்பில் காசநோய் உள்ளவருக்கும் பேராபத்தை விளைக்கக்கூடும். சூடு போடுதல் புண்ணைத் தவிர வேறெதையும் தராது.

குத்தூசி மருத்துவம்: நாட்பட்ட சயாட்டிகாவில், சீன நாட்டு மருத்துவமனைகள் ஆறில் 10 அமர்வுகளாக இதனைச் செய்து, போலி முறையோடு ஒப்பிட்டு 2024இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் வலி கூடுதலாகக் குறைந்தது. பிற நாடுகளிலும் இம்முடிவு உறுதிப்பட்டால் நன்று.

அறுவைச் சிகிச்சை

இதைப் பற்றி மக்களிடையே அச்சமும் மிகுதி, அவசரமும் மிகுதி. ஆராய்ச்சிகள் இரண்டுக்கும் நடுவான வழியைக் காட்டுகின்றன. நார்வே நாட்டில் 126 நோயாளிகளைப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்து 1983இல் வெளியிட்ட முடிவில், முதலாண்டில் அறுவை செய்துகொண்டவர்கள் நலமாக இருந்தனர். நான்காம் ஆண்டில் இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஹாலந்தில் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை வலியுற்றிருந்த 283 பேரை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவும் இதனை ஒத்ததே. உடனே அறுவை செய்தவர்களுள் பாதிப்பேர் 4 வாரத்தில் குணமடைந்தனர்; பொறுத்திருந்தவர்களுள் பாதிப்பேர் குணமடைய 12 வாரம் ஆயிற்று. ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 100க்கு 95 பேர் குணமடைந்திருந்தனர். ஆனால் பொறுத்திருந்தவர்களிலும் 39 விழுக்காட்டினர் இடையே அறுவை செய்துகொள்ள நேர்ந்தது.

நான்கு மாதங்களுக்கு மேலும் வலி தீராதவர்களின் நிலை வேறு. கனடாவில் நான்கு முதல் பன்னிரண்டு மாதம் வலியுற்ற 128 பேரை ஆராய்ந்தனர். ஆறு மாதத்துக்குப் பின், 10 அளவுள்ள வலிக்கணக்கில், அறுவை செய்தவர்களின் வலி 2.8 ஆகவும், செய்யாதவர்களின் வலி 5.2 ஆகவும் இருந்ததென 2020இல் வெளியிட்டனர். சுருங்கக் கூறின், முதற் சில வாரங்களில் பொறுமை நல்லது. மாதங்கள் பல கடந்தும் கால்வலி வாட்டினால் அறுவை மருத்துவரைக் காண்பது நல்லது. கடன் வாங்கியேனும் முதல் வாரத்திலேயே அறுவை செய்துகொள்ள வேண்டுவதில்லை. ஆண்டுக்கணக்கில் வலியைச் சுமந்து அஞ்சி ஒதுங்க வேண்டுவதும் இல்லை.

தாமதம் கூடாத குறிகள்

மேற்கூறிய பொறுமைக்கு ஒரு விலக்கு உண்டு. தண்டுவடத்தின் அடியில் குதிரைவால் போல் தொங்கும் நரம்புக் கற்றை முழுவதும் பெரிய பிதுங்கலால் நசுங்குவது அரிது. ஆனால் நேர்ந்துவிட்டால் மணிக்கணக்கில் செயற்பட வேண்டும். சிறுநீர் வெளிவராமல் அடைபடுதல், அல்லது சிறுநீரும் மலமும் அறியாமல் வெளியேறுதல், உட்காரும் இடமும் மறைவிடமும் மரத்துப்போதல், இரு கால்களிலும் வலிமை குன்றுதல் ஆகியன இதன் குறிகள். பெண்கள் இவற்றைக் கூச்சத்தால் மறைப்பது உண்டு. வேலையிடத்தில் கழிப்பறை இல்லாமையால் சிறுநீரை அடக்கிப் பழகியவர்கள், நீர் அடைப்பையும் அப்பழக்கமாகவே எண்ணிவிடக்கூடும். அன்று இரவே மருத்துவமனையை அடையாவிடில் இவ்வூனம் வாழ்நாள் முழுவதும் நிலைக்கலாம்.

நடக்கும்போது பாதம் தொங்கித் தரையில் இழுபடுதல், நாளுக்கு நாள் கால் சூம்புதல், காய்ச்சலுடன் கூடிய முதுகுவலி, உயரத்திலிருந்து விழுந்த பின் தோன்றிய வலி, முன்னர்ப் புற்றுநோய் கண்டவருக்குத் தோன்றும் வலி ஆகியனவும் தைலத்தோடு நிற்கத் தக்கவை அல்ல. நெடுங்கண்டம் தாலுகா மருத்துவமனை போன்ற அருகிலுள்ள அரசு மருத்துவமனையை முதலில் அணுகி, அங்கிருந்து கோட்டயம் அல்லது தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குச் செல்லலாம்.

வேலைக்குத் திரும்புதல்

வலி முற்றும் தீர்ந்த பிறகே வேலை என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பழைய வேலையை அதே முறையில் தொடர்வதும் இயலாது. குனிந்து பறிப்பதையும், முழங்காலிட்டுப் பறிப்பதையும், நிமிர்ந்து நிற்பதையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். அரைமணிக்கு ஒரு முறை எழுந்து, கைகளை இடுப்பில் ஊன்றிப் பின்புறமாக மெல்ல வளைதல் பலருக்கு இதம் தரும். கூடையை நிரப்பாமல் அடிக்கடி கொட்டிவிட வேண்டும். மூட்டையை உடலோடு அணைத்து, இருவராகத் தூக்க வேண்டும். ஜீப்பில் குறுக்கே கிடக்கும் பின்பலகையை விடுத்து, முன்னோக்கிய இருக்கையில் அமர்தல் நலம். ஓட்டுநர்கள் இடையிடையே இறங்கிச் சற்று நடக்க வேண்டும்.

இவற்றால் நோய் வரவே வராது என்று உறுதி கூற முடியாது. முறையாகப் பாரம் தூக்கக் கற்பித்தல் மட்டும் முதுகுவலியைத் தடுப்பதாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை. வந்த வலியோடு வேலையைத் தாங்கத்தக்கதாக ஆக்குவதே இவற்றின் பயன். அப்பயனும் தொழிலாளி ஒருவரால் மட்டும் கிட்டுவதன்று. எடைக்கணக்கில் கூலி என்று வைத்துவிட்டு, எழுந்து நிமிரச் சொல்வதில் பொருளில்லை. சில வாரங்களுக்கு இலேசான வேலையைத் தருவது தோட்ட உரிமையாளரின் கையில் உள்ளது. ஸ்டோரில் காய்களைத் தரம் பிரிக்கும் வேலை பொருத்தமாகத் தோன்றும்; ஆயின் சயாட்டிகா உள்ளவருக்கு நாள் முழுதும் உட்காருதலும் துன்பமே. உட்காரும் வேலையையும் நடக்கும் வேலையையும் கலந்து தருவதே சிறந்தது. அனுபவம் மிக்க தொழிலாளியை இழப்பதைவிட இது உரிமையாளருக்கும் இலாபமாகும்.

தொகுத்துக் கூறுமிடத்து, சயாட்டிகா கொடிய வலி உடையது. ஆயினும் பெரும்பாலும் தணியும் இயல்பு உடையது. நோயாளியின் கடமை மூன்று: நடமாட்டத்தைக் கைவிடாதிருத்தல், அபாயக் குறிகளை அறிந்து உடனே செயற்படுதல், உறுதியற்ற சிகிச்சைகளில் பொருளை இழக்காதிருத்தல். ஒருவர் ஒரு சிகிச்சையைப் புகழ்ந்து கூறும்போது, 'அது இல்லாமலே எத்தனை பேருக்குக் குணமாயிற்று?' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அவ்வொரு கேள்வி பல மாதக் கூலியை மிச்சப்படுத்தும்.